திருப்தி சதவீதம்

ஆந்திர மக்கள் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்பது 2019 வரை துல்லியமாகத் தெரிந்திருந்தது. மக்களுக்கு அல்ல. வெலகபூடி தலைமைச் செயலகத்துக்கு.

2017-இல் அப்போதைய முதல்வர் சந்திரபாபு நாயுடு அங்கே நிகழ்நேர ஆட்சி மையத்தைத் திறந்தார். சுவரை அடைத்த திரை. முதல்வருக்கென்று தனி டாஷ்போர்டு. ரேஷன், பென்ஷன், மழை, நிலத்தடி நீர் எல்லாம் கட்டம் கட்டமாக. மக்களுக்குப் போன் போட்டு, திருப்தியா என்றும் கேட்டார்கள். பென்ஷன் தரும் அரசாங்கமே கேட்டால், பென்ஷன் வாங்கும் கிழவர் என்ன சொல்வார்? திருப்தி என்றார். சதவீதம் ஏறியது. கூட்டத்துக்குக் கூட்டம் அதை வாசித்துப் பூரித்தார்கள்.

2019-இல் வாக்குகளை எண்ணினார்கள். சட்டமன்றத்தில் அவர் கட்சிக்கு 175-க்கு 23. பழைய சித்தூர் மாவட்டத்தின் 14 தொகுதிகளில் மிஞ்சியது அவருடைய குப்பம் ஒன்றுதான். அவர் பிறந்த நாராவாரிபள்ளி இருக்கும் சந்திரகிரிகூடக் கைக்கு வரவில்லை. சொந்த ஊர் முகம் சுளிப்பதை அறிய எதற்கய்யா மென்பொருள்?

அடுத்து வந்த ஜெகன்மோகன் ரெட்டி பாடம் கற்றாரா? கற்றார். கணக்கை இன்னும் பெருக்க வேண்டும் என்று கற்றார். வீட்டுக்கு வீடு வாலண்டியர். மேடையில் பொத்தானை அழுத்தினால் வங்கிக் கணக்கில் பணம். பயனாளிகள் எத்தனை லட்சம், போட்டது எத்தனை ஆயிரம் கோடி என்று நாக்கு நுனியில் வைத்திருந்தார். 2024-இல் 175-க்கு 11.

திரையைக் குறை சொல்லாதீர்கள். ஊட்டியதைத்தான் அது காட்டும். ஊட்டுகிறவர் யார்? அதில் சிவப்பு தெரிந்தால் திட்டு வாங்கப்போகிற அதே அதிகாரி. பச்சை என்றால் பாராட்டு, சிவப்பு என்றால் விளக்கக் கடிதம். சிவப்பை அனுப்ப அவர் என்ன பைத்தியமா?

திருமலைக் கோயிலிலும் கணக்குக்குப் பஞ்சமே கிடையாது. தரிசனம் இத்தனை ஆயிரம் பேர், முடி காணிக்கை இத்தனை பேர், உண்டியல் இத்தனை கோடி. தினமும் வரும், ஒரு நாள் தவறாது. 2025 ஜனவரி 8 இரவு கீழே திருப்பதியில், வைகுண்ட வாசல் தரிசன டோக்கனுக்காகப் பைராகி பட்டேடாவில் கூட்டத்தைப் பூங்காவில் அடைத்து வைத்தார்கள். கதவு திறந்தது. நெரிசலில் 6 பேர் செத்தார்கள். எத்தனை டோக்கன் என்பது முன்பே அறிவித்த கணக்கு. எந்தக் கதவை எப்போது திறப்பது என்பதுதான் யார் கணக்கிலும் இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் மலைமேல் செயற்கை நுண்ணறிவுக் கட்டளை மையம் திறந்தார்கள். மறுபடியும் திரை.

இனி மாங்காய். சித்தூரின் தோத்தாபுரி கூழ் ஆலையை நம்பியே வளரும் ரகம். சந்தையில் சில்லறைக்கு விற்றுத் தப்பிக்க முடியாது. 2025-இல் மரம் கொள்ளாத காய்ப்பு. ஆலைகளிலோ முந்தைய ஆண்டுக் கூழே டிரம் டிரம்மாகத் தேங்கிக் கிடந்தது. அரசு கிலோவுக்கு 12 ரூபாய் அறிவித்தது. ஆலை 8 தரும், அரசு 4 தரும். கூட்டலில் பிழையே இல்லை. ஆலைக்காரர் 8 தராவிட்டால்? அதற்குத்தான் கட்டம் போடவில்லை. 5 என்றார்கள், 6 என்றார்கள். டோக்கன் வாங்கிய டிராக்டர்கள் ஆலை வாசலில் நாள்கணக்கில் நின்றன. போதாக்குறைக்கு, கர்நாடகத்துக் காய் உள்ளே வரக்கூடாது என்று எல்லையில் தடை. விலை அப்போதும் எழவில்லை. பங்காருபாளையத்தில் காயை ரோட்டில் கொட்டினார்கள்.

தகவல் இல்லாமலா இது நடந்தது? யார் நிலத்தில் என்ன பயிர் என்று பதிய இ-கிராப் இருக்கிறது. விளைந்ததை எண்ணத் தெரிந்தவர்கள், வாங்க ஆள் இருக்கிறானா என்று மட்டும் எண்ணவில்லை. கிடங்குக் கதவைத் திறந்து டிரம்களை ஒரு முறை பார்த்தால் போதும். எந்த மண்டித் தரகரும் அதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார். கோடிகளை ஒதுக்கும் அரசாங்கத்துக்கு அந்தத் தரகரின் புத்திகூட வேண்டாமா?

அடுத்த பருவத்துக்கும் ஒரு டாஷ்போர்டு போடுவார்கள். விழாவும் உண்டு. காய் பழுத்து, வெடித்து, டிராக்டரிலேயே ஈ மொய்த்தாலும் அதில் பச்சைதான் எரியும்.