செலவழுங்கு படலம்: காரவள்ளி அடிவாரத்துப் புறப்பாட்டுக் கோடை குறித்து ஓர் ஆய்வு

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் கொல்லிமலைக்குப் போகிறவர்கள் காரவள்ளியை ஓர் ஊராக மதிப்பதில்லை. வண்டியை நிறுத்தி, எலுமிச்சம்பழம் வாங்கி, முன்சீட்டில் யார் உட்காருவது என்று வழக்காடிவிட்டு மேலே ஏறிவிடுகிறார்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. அவரவர் வயிறு அவரவர் கவலை. அறிஞர்களும் இந்தப் பயணிகளுக்குச் சளைத்தவர்கள் அல்லர். வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததை வன்பரணர் புறநானூற்றில் பாடிய நாள்முதல் எல்லார் கண்ணும் மலைமேலேயே இருக்கிறது. அடிவாரத்து வீடொன்றில், பெட்டி வாங்கி வைத்த பிறகும் போகாமல் உட்கார்ந்திருக்கும் பையனை ஆய்வுலகம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இக்கட்டுரை அந்தக் குறையைப் போக்க வந்தது.

முதலில் இடம். குறிஞ்சிக்குப் புணர்தல், பாலைக்குப் பிரிதல் என்று உரிப்பொருள் வகுத்த நம் மரபு, பாலைக்கென்று தனி நிலம் ஒதுக்கவில்லை. குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் காய்ந்து திரிந்தால் அதுவே பாலை என்கிறது சிலப்பதிகாரம். அதற்குரிய காலம் வேனில், பொழுது நண்பகல் என்கிறது தொல்காப்பியம். இந்த விதிகளைக் கையில் பிடித்துக்கொண்டு மே மாதம் பகல் பன்னிரண்டு மணிக்குக் காரவள்ளியில் இறங்கிப் பாருங்கள். தலைக்கு மேலே பச்சைப் பசேலென்று குறிஞ்சி; செருப்புக்குக் கீழே தார் இளகும் பாலை. இரண்டுக்கும் நடுவே வனத்துறைச் சோதனைச் சாவடி. திணையெல்லையில் அரசாங்கமே தடுப்புக்கட்டை போட்டிருக்கும் ஊர் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

அடுத்து ஆள். இங்கே 'பையன்' என்பது எந்தத் தனி மனிதரையும் குறிக்காது. இந்த வட்டாரத்தில் பொறியியல் முடித்துவிட்டு, ஆகஸ்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேற்படிப்புக்குச் சேர இருக்கும் எவரையும் குறிக்கும். அவர் பெண்ணாகவும் இருக்கலாம். பெண்ணைக் கூட்டிக்கொண்டு கடல் கடக்கும் வழக்கம் இல்லை என்றுதான் தொல்காப்பியர் சொன்னார்; பெண் யாரையும் கூட்டிக்கொள்ளாமல் தானே கிளம்புவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாததால் விதி மீறப்படவில்லை.

இந்தப் பிரிவின் வகை குறித்து மட்டும் ஒரு சிக்கல் உண்டு. ஓதற்குப் பிரிதல் மூன்றாண்டைத் தாண்டலாகாது என்பது கற்பியல் விதி. எம்.எஸ். படிப்பு இரண்டாண்டில் முடிந்துவிடுவதால் வீட்டார் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் அறிவியல், பொறியியல் மாணவர்கள் படித்து முடித்த பின் வேலைப் பயிற்சி என்ற பெயரில் இன்னும் மூன்றாண்டு அங்கே தங்க அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. அதன்பின் எச்1பி. ஆக, ஓதல் பிரிவாகத் திருச்சி விமான நிலையத்தில் புறப்படுவது, வழியில் எங்கோ பொருள்வயிற் பிரிவாகத் திரிந்துவிடுகிறது. இந்தத் திரிபு எந்தப் புள்ளியில் நிகழ்கிறது என்பதைக் கட்டுரையின் இறுதியில் ஓரளவு நிறுவியிருக்கிறேன்.

இனிக் கோடை. புறப்பாட்டுக்கு முந்தைய கோடை எல்லாக் கோடைகளையும் போலத்தான் தொடங்குகிறது. ஒன்பது மணிக்கு எழுந்ததற்குத் திட்டு, போனை நோண்டுவதற்குத் திட்டு, மாடியில் காயும் கூழ் வடகத்தைக் காக்கை கொத்தும்வரை பார்த்துக்கொண்டிருந்ததற்குத் தனியாக ஒரு திட்டு. சித்திரை முழுக்க இந்த ஒழுங்கு குலைவதில்லை. விசா கைக்கு வரும் அன்று திட்டு அடியோடு நின்றுபோகிறது. படிப்படியாகக் குறையும் என்று எதிர்பார்த்திருந்தேன், தரவு ஒத்துழைக்கவில்லை. குழாயை மூடுவதைப் போல நிற்கிறது. மறுநாள் பையன் பத்தரைக்கு எழுந்தாலும், "தூங்கட்டும், அங்க போனா எங்க தூக்கம்" என்கிறார்கள். அந்த நொடியில் அவன் வீட்டு ஆள் என்ற நிலையிலிருந்து விருந்தாளி என்ற நிலைக்கு மாறுகிறான். இந்த மாற்றம் முதலில் புரிவது அவனுக்குத்தான். திட்டு கேட்காத வீட்டில் என்ன செய்வது என்று தெரியாமல் தானாகவே போய் வடகத்தைப் புரட்டிப்போடுகிறான். "நீ ஏஞ்சாமி வெயில்ல நிக்கற, உள்ள போ" என்று துரத்திவிடுகிறார்கள்.

பிறகு சோறு. இந்தத் துறையின் மையச் சிக்கல் இதுவே என்பதால் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

அகநானூற்றில் ஒற்றைப்படை எண் வரும் பாட்டெல்லாம் பாலை, நானூறில் இருநூறு. கலித்தொகையில் பாலை பாடிய பெருங்கடுங்கோவின் பங்கு முப்பத்தைந்து. பட்டினப்பாலையில் 301 அடிகளையும் செலவழித்து ஒரு தலைவன், காவிரிப்பூம்பட்டினமே கிடைத்தாலும் இவளை விட்டு வரமாட்டேன் என்று தன் நெஞ்சுக்குச் சொல்கிறான். இத்தனை பெரிய கருவூலத்தில் தலைவி பேசுகிறாள், தோழி பேசுகிறாள், நெஞ்சு பேசுகிறது, எதிரே வருகிறவர்கள்கூடப் பேசுகிறார்கள். மகள் உடன்போக்கில் போனால் நற்றாயும் செவிலியும் வாய்விட்டுப் புலம்ப இடமுண்டு. மகன் பொருள் தேடிப் போகும்போது பெற்றவளுக்குக் கூற்று கொடுக்கும் துறை மட்டும் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பேச இடம் தராததால் அவள் சமைக்கிறாள் என்பது என் கருதுகோள்.

சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. கொங்கு நாட்டுச் சமையலில் வருஷத்துக்கு ஒருமுறை தலைகாட்டும் பண்டங்களெல்லாம் இந்தச் சில வாரங்களில் வரிசைகட்டி நிற்கின்றன. அச்சை ஒருவர் பிடிக்க, கைப்பிடியை இன்னொருவர் சுற்ற, வீடே வேர்க்கப் பிழிய வேண்டிய சந்தகை, தீபாவளிக்கு மட்டும் வரும் கச்சாயம், ஒப்புட்டு. போதாததற்கு, நினைத்த மாத்திரத்தில் அரிசியும் பருப்பும். ஒவ்வொன்றோடும் "அங்க இதெல்லாம் கெடைக்குமா கண்ணு?" என்ற கேள்வி பரிமாறப்படுகிறது. 'கிடைக்கும்' என்பது சரியான விடை அல்ல. பையன் தன் அறியாமையால் போன் திரையில் நியூஜெர்சி இட்லிக் கடைகளைக் காட்டிய வீட்டில், அன்று இரவு ரசத்தில் உப்பே இல்லை.

இந்தச் சோறு போகிறவனுக்காகப் போடப்படுவதன்று, இருக்கிறவர்களுக்காகப் போடப்படுவது என்று துணிந்து கூறுவேன். பையன் வெளியே நண்பர்களோடு பரோட்டா தின்றுவிட்டு வரும் இரவைக் கவனியுங்கள். வயிறு நிறைந்திருப்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் தட்டு வைக்கப்படும். அவனும் மறுக்காமல் உட்காருவான். பசியில்லாத இடத்தில் பரிமாறுவதும் உண்பதும் நடக்கிறது என்றால், அங்கே நடப்பது சாப்பாடு அல்ல, வேறெதுவோ. தொல்காப்பியர் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்: செலவழுங்கல். புறப்பட்டவன் இடையில் தயங்கி நிற்பது போகாமல் இருந்துவிடுவதற்காக அல்ல, இருப்பவர்களைத் தேற்றுவதற்காகத் தள்ளிப்போடுவதே என்கிறார். அழுங்குகிறவன் வாயில் சந்தகை இருந்தது என்பதை மட்டும் அவர் குறிப்பிடவில்லை.

அப்பாக்கள் விஷயம் வேறு. நாமக்கல் வட்டாரத்து அப்பாக்களில் பலருக்கு நெடும்பயணம் என்பது தொழில். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளும், தென்மாநிலங்களுக்கெல்லாம் சமையல் எரிவாயு சுமக்கும் டேங்கர்களும், பக்கத்துத் திருச்செங்கோட்டிலிருந்து ஊர் ஊராகப் போய்த் துளைபோடும் ரிக் வண்டிகளும் நிறைந்த மண் இது. லோடு ஏற்றிக்கொண்டு குவாஹாட்டிக்குப் போகிறவர் வீடு திரும்ப வாரக்கணக்கில் ஆகும். வழியில் டயர், போலீஸ், மூடுபனி, தூக்கம் என எதுவும் நேரலாம். அவருக்காக யாரும் கச்சாயம் சுட்டதில்லை. ஒரு லுங்கி, ஒரு துண்டு, "பாத்துப் போங்க" என்று ஒரு சொல். ஆனால் குளிர்சாதன விமானத்தில் ஏறி, படம் பார்த்துக்கொண்டே போய் இறங்கப்போகும் பையனுக்கு ஒரு கோடை முழுவதும் சடங்கு. இந்த அநீதியை எந்த அப்பாவும் குறிப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர்கள் பெட்டிக்குப் போய்விடுகிறார்கள். ஜிப்பைத் திறந்து மூடுகிறார்கள். சக்கரத்துக்கு எண்ணெய் விடுகிறார்கள். ஒருவர், நாற்பது டன் சரக்குக்குத் தார்ப்பாய் கட்டும் அதே முடிச்சில் பெட்டிக்குக் கயிறு போட்டுவிட்டு, "இனி எங்கியும் அவுராது" என்றார். அந்த வேனிலில் அவர் மகனிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

குடும்பமாக மலையேறுதல் இந்தக் கோடையின் தவிர்க்கமுடியாத உறுப்பு. பிறந்ததிலிருந்து காலடியில் கிடக்கும் மலையாக இருந்தாலும், பையன் கிளம்பும் முன் ஒருமுறை எல்லாரும் போயே ஆக வேண்டும். வேன் பிடித்து, பெரியப்பா வீட்டையும் அள்ளிப்போட்டுக்கொண்டு, வளைவுக்கு வளைவு பலகையில் எழுதியிருக்கும் எண்ணைப் பொடிசுகள் உரக்கக் கத்த, சோளக்காடு, செம்மேடு தாண்டி அறப்பளீசுவரர் கோவில் வரை போகிறார்கள். ஆகாய கங்கை அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கு மேல் படிகள். வயதானவர்கள் மேலேயே உட்கார்ந்து அன்னாசிப்பழம் தின்கிறார்கள். பயணம் பற்றிய கேள்விகள் வளைவுகளுக்கு நடுவில்தான் வெளியே வருகின்றன. முகம் பார்க்காமல் பேச வசதியான இடம். ஓர் அம்மிச்சி கேட்டது:

"ஏங்கண்ணு, பிளைட்டு எத்தன மணி நேரம் போகும்?"

"இருவது மணி நேரத்துக்கு மேல ஆகும் அம்மிச்சி."

"வழியில இந்த மாதிரி வளைவெல்லாம் இருக்குமா?"

"இல்ல, நேராத்தான் போகும்."

"அப்பறம் எதுக்கு அத்தன நேரம்?"

இதற்கு விமானவியல் இன்னும் விடை சொல்லவில்லை. திரும்பும்போது சோளக்காட்டுச் சந்தையில் மிளகு, தேன், மலைவாழை, ஒரு பலாப்பழம். மிளகு பெட்டிக்கு, மற்றவை வீட்டுக்கு. பலாப்பழத்தை அமெரிக்கச் சுங்கம் விடாது என்று பையன் விளக்கியதும், அதன் கொட்டைகள் மட்டும் போகுமா என்று விசாரிக்கப்பட்டது. அங்கேயே மிளகு வியாபாரியின் தராசில் பெட்டியையும் ஒருமுறை நிறுத்துப் பார்த்திருக்கலாமே என்ற வருத்தம் இறக்கம் முழுக்க நீடித்தது. விமானத்தில் ஒரு பெட்டிக்கு இருபத்துமூன்று கிலோ என்ற எண் அந்த வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம்; ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

நாள் குறிப்பதில்தான் மரபு முழுப் பலத்தோடு இறங்குகிறது. மே 4 வாக்கில் தொடங்கும் அக்னி நட்சத்திரத்தில் நல்ல காரியம் கூடாது. சரி, அது வைகாசி நடுவில் கழிந்துவிடும். அதைவிடப் பெரிய இடர் ஆடி. ஜூலை நடுவில் பிறந்து ஆகஸ்ட் நடுவில் முடியும் ஆடியில் எதையும் புதிதாகத் தொடங்கக் கூடாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களோ ஆகஸ்டின் பின்பகுதியில் வகுப்பு தொடங்கி, அதற்கு ஒரு வாரம் முன்பே வந்து சேரச் சொல்கின்றன. பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் கல்வியாண்டு வகுத்த நாடு எப்படி உருப்பட்டது என்பது தனி ஆய்வுக்குரியது. ஆடி 17, 18-இல் மலைமேல் வல்வில் ஓரி விழா நடக்கும்போது பையன் ஏற வேண்டிய விமானத்தின் நாள் நெருங்கிக்கொண்டிருக்கும்.

இதற்கு நம் முன்னோர் கண்ட தீர்வு பரஸ்தானம். போகிற நாள் நல்ல நாளாக இல்லாவிட்டால், முன்கூட்டியே ஒரு நல்ல நேரத்தில் பயண மூட்டையை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடலாம். பயணம் அன்றே தொடங்கியதாகக் கணக்கு. எந்த நீதிமன்றமும் இவ்வளவு அழகான சட்டப் புனைவைக் கண்டதில்லை. எனவே ஆனி மாதக் கடைசியில், வளர்பிறை முகூர்த்தத்தில், பையனின் பெட்டி காரவள்ளியிலிருந்து புறப்பட்டு, காளப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது. சாத்திரப்படி அவன் ஊரை விட்டுப் போய்விட்டான். நடைமுறையில் திண்ணையில் உட்கார்ந்து நுங்கு தின்கிறான்.

சான்றிதழ்கள் பெட்டிக்குள் போய்விட்டன என்பது கல்விக் கடன் தரும் வங்கி அசலைக் கேட்கும்போதுதான் நினைவுக்கு வரும். பிறகு ஊசி போட்ட சீட்டு. பிறகு போட்டோ. ஒவ்வொரு முறையும் பையன் பெரியம்மா வீட்டுக்குப் போகிறான். சாப்பிடாமல் திரும்ப முடிவதில்லை. அவன் கைகழுவப் போன நேரத்தில் பெரியம்மா பெட்டியைத் திறந்து எதையோ செருகுகிறாள். புறப்படும் நாளுக்கு முந்தைய மாலை அப்பா முடிச்சை அவிழ்த்து, கடைக்காரரிடம் இரவல் வாங்கிய கொக்கித் தராசில் தூக்கிப் பிடிக்கும்போது முள் இருபத்தேழைத் தாண்டி நிற்கிறது. பருப்புப்பொடி, கொள்ளுப்பொடி, புளிக்காய்ச்சல், மிளகு, வடகம் என்று பத்திகட்டி வெளியே எடுத்து வைக்கிறார்கள். சுற்றி நிற்கும் பெண்கள் ஒவ்வொன்றாக மறுபடி உள்ளே வைக்கிறார்கள். கடைசியில் எடை சரியானது புத்தகங்களை வெளியே எடுத்த பிறகுதான். ஓதல் பிரிவு பொருள்வயிற் பிரிவாகத் திரியும் புள்ளி அமெரிக்காவில் இல்லை, காளப்பநாயக்கன்பட்டியில் பெரியம்மா வீட்டு நடுவாசலில் இருக்கிறது.