29 ரிலீவிங் ஆர்டர்கள்

வங்கி ஊழியனுக்கு மாற்றல் உத்தரவு வந்தால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருக்கும். யூனியன் தலைவரைப் பிடிக்க வேண்டும், பிள்ளைகளுக்கு டி.சி. வாங்க வேண்டும். தஞ்சாவூரிலிருந்து அரியலூருக்குப் போகச் சொன்னதற்கே முதுகுவலி என்று டாக்டர் சர்டிபிகேட் வைத்த பரம்பரை நாங்கள். அதனால்தானோ என்னவோ, ஜான் பர்ரிட்ஜ் என்ற பெயரைக் கேட்டாலே எனக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும்.

1969-ல் இங்கிலாந்தின் வொர்க்கிங்டன் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பராக ஆடத் தொடங்கினார். 1997 வாக்கில் பிளைத் ஸ்பார்ட்டன்ஸில் கையுறையைக் கழற்றும்போது கணக்குப் பார்த்தால், 29 கிளப். பெண் வீட்டார் இந்தப் பட்டியலைப் பார்த்திருந்தால் கேசரியைத் தொடாமலே எழுந்து போயிருப்பார்கள்.

ஆள் சோடை இல்லை. 1977-ல் ஆஸ்டன் வில்லா லீக் கோப்பையை ஜெயித்தபோது கோலில் நின்றவர். 1991-ல் ஹிபர்னியனுக்கு ஸ்காட்லாந்து லீக் கோப்பை வாங்கித் தந்தபோது வயது 39. நம் ஊரில் அந்த வயதில் ஷட்டில் ஆடப் போனாலே முழங்காலுக்கு எண்ணெய் வாங்கி வருவார்கள். இவருக்கோ அதன் பிறகுதான் ஓட்டமே: ஸ்கார்பரோ, லிங்கன், டம்பார்ட்டன், ஃபால்கிர்க், டார்லிங்டன் என்று டவுன் பஸ் கண்டக்டர் ஸ்டாப்பிங் கத்துவதுபோல வாசித்துக்கொண்டே போகலாம்.

இதில் ஒரு தொழில் சூட்சுமம் இருக்கிறது. கோலில் ஓர் ஆள்தான் நிற்க முடியும். அவன் விரலை ஒடித்துக்கொண்டால் வேறொருவன் உடனே வேண்டும். அந்தக் காலத்தில் கீழ் டிவிஷன் கிளப்களுக்கு, தேறின கீப்பர் இன்னொருவரை பெஞ்சில் உட்காரவைத்துச் சம்பளம் கொடுக்கக் கட்டுப்படியாகாது. ஒரு மாதத்துக்கு எங்காவது இரவல் வாங்குவார்கள். ஊரான் சுண்டுவிரல் ஒடிவதில்தான் இவருக்குப் பிழைப்பு. சாபமெல்லாம் விட்டிருக்க மாட்டார், நல்ல மனுஷர்.

1995-ல் நடந்தது எனக்கு மிகவும் பிடித்தது. அப்போது நியூகாசில் அணியின் கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். மான்செஸ்டர் சிட்டிக்கு அவசரமாக ஆள் தேவைப்பட, பிரீமியர் லீகில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். எதிரணி யார் தெரியுமா? நியூகாசிலேதான்! ஒரு கோலும் விடவில்லை. காலையில் நம் கிளையில் பாஸ்புக் போட்டுவிட்டு மதியம் எதிர்த்த வங்கியில் டெபாசிட் பிடித்துக் கொடுத்த மாதிரி. எங்கள் மேனேஜராக இருந்தால் மெமோ கொடுத்திருப்பார். அந்த சீசனின் கடைசி ஆட்டத்தில் அவருக்கு வயது 43 வருஷம், 162 நாள். பிரீமியர் லீகில் ஆடியவர்களிலேயே மூத்தவர்.

மைதானத்தில் சும்மா நிற்கவும் தெரியாது. ஆட்டத்துக்கு முன்னால் கைகளால் நடப்பார், குட்டிக்கரணம் அடிப்பார், தோன்றினால் கோல் கம்பத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்வார். வீட்டில் இன்னும் மோசம். கையுறை போட்டபடி படுப்பார். டிவி பார்க்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் ஆரஞ்சுப் பழத்தை எறியச் சொல்லி மனைவிக்கு உத்தரவு. பாய்ந்து பிடிக்க வேண்டுமாம், பயிற்சி!

இப்படிப்பட்டவரிடமிருந்து பந்தை வாங்கி வைத்தால் என்ன ஆகும்? ஆடுவதை நிறுத்தியதும் மனச்சோர்வில் விழுந்து மருத்துவமனையில் கிடந்ததை அவரே சொல்லியிருக்கிறார். பணி ஓய்வு பெற்ற மறுநாளும் ஒன்பதரைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் ஹெட் கேஷியரைப் பார்த்தவன் என்பதால், இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஓமனுக்குப் பயிற்சியாளராகப் போனார். அங்கே விமான நிலையத்தில் தீயணைப்பு வேலை பார்த்த அலி அல் ஹப்சி என்ற பையனைக் கண்டுபிடித்துத் தேற்றினார். அந்தப் பையன் பின்னாளில் போல்டன், விகன் என்று பிரீமியர் லீகிலேயே ஆடினான்.

இத்தனையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவியிடம் உணர்ச்சிகரமாக விவரித்தேன். என்னோடு ஐந்தாறு ஊர் மாறியவள். கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள்:

"அத்தனை ஊர்லயும் வீடு பாத்து, பால் காய்ச்சி, சாமானை எறக்கி வச்சது யாருங்க?"

"அந்தம்மாதான்னு நெனைக்கிறேன்."

"அப்ப பழத்தைப் பயிற்சிக்காகவா எறிஞ்சிருப்பாங்க?"