வேகம் குறையாமல் வயது போதல்

ஒரு ரொக் பாண்ட் முதிர்ந்துவிட்டதென்று யாராவது எழுதினால், பாட்டு நீண்டுவிட்டது, வேகம் குறைந்துவிட்டது, பின்னால் வயலின்காரர் வந்து குந்திவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். 1999இல் மெட்டாலிக்கா சான் பிரான்சிஸ்கோ சிம்பனியோடு சேர்ந்து வாசித்தபோது, இனி இதை மாமனார் இருக்கும்போதும் போடலாம் என்று எத்தனை ரசிகர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்களோ! இந்தக் கணக்கில் பார்த்தால் மொரட்டுவையின் ஜிப்சீஸ் முதிரவேயில்லை. 1970களின் தொடக்கத்தில் அன்டன் பெரேரா தன் மகன்மாரைக் கூட்டி ஆரம்பித்த பாண்ட் அது. மட்டக்குளியிலும் கொட்டாஞ்சேனையிலும் சைவரோ வேதக்காரரோ, கலியாண ஹோலில் அதன் பாட்டு ஒலித்தால் முழங்கால் வலிக்காரரும் எழும்பிவிடுவார். ஆனாலும் இலங்கையில் ஒழுங்காக முதிர்ந்த பாண்ட் இதுதான் என்பது நீண்டகால ரசிகனான என் கட்சி.

அவர்களுக்கு ஆரம்பத்தில் பெயர் வாங்கித்தந்த ‘லிந்த லங்க சங்கமய’, கிணற்றடியில் கூடுகிறவர்களைப் பற்றிய பாட்டு. பிற்காலத்து ‘ஐ டோன்ட் நோ வை’ பாட்டில் கிணற்றடியின் இடத்தில் முழு நாடும் இருக்கிறது. நாடு ஏன் இப்படிக் கிடக்கிறதென்று கேட்டுவிட்டு, எனக்குத் தெரியாதப்பா என்று கையை விரிக்கிறார் அன்டனின் மகன் சுனில் பெரேரா. தெரியாது என்கிற தொனியிலேயே, தெரியும் என்பது கேட்கிறவனுக்குப் புரிந்துவிடும். தாளம் மட்டும் பழைய பைலாதான். அந்த ஆறு எண்ணிக்கையைக் கவனியுங்கள். கால் அதை இரண்டாகப் பிரிக்கும், தோள் மூன்றாகப் பிரிக்கும், இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் இடுப்பு ஆடும். போர்த்துக்கேயர் வழி வந்த இந்தத் துள்ளலை நாடறியச் செய்த வொலி பெஸ்டியன் ஒரு பொலிஸ்காரர். அதிகாரத்தைக் கிண்டலடிக்க இதைவிடப் பொருத்தமான பரம்பரை வேண்டுமா?

பைலா எப்படி ரொக் ஆகும் என்று கிற்றார் படித்த பெடியன்கள் கேட்பார்கள். கிற்றாரும் டிரம்ஸும் மேடையில் நிற்கின்றன, சத்தத்துக்கும் குறைவில்லை. மிச்சத்தைப் பெயர்ப்பலகை எழுதுகிறவர் தீர்மானிக்கட்டும். ஐம்பது வருடம் ஒரே தாளத்தில் நிற்பது வளர்ச்சியா, சோம்பலா என்ற கேள்விதான் கனமானது. தாளத்தை மாற்றியிருந்தால், மெல்லிசையில் நாட்டுக்கு உபதேசம் செய்யும் இன்னொரு கோஷ்டியாகியிருப்பார்கள். உபதேசம் தொடங்கினால் நம் ஆட்கள் புரியாணி வரிசைக்குப் போய்விடுவார்கள். ஆடிக்கொண்டிருப்பவன் எங்கும் போகமாட்டான், தன்னைப் பற்றிய கிண்டலுக்கும் சேர்த்தே ஆடுவான். அப்படியானால் சொல் யார் காதில் விழுகிறது என்று மடக்குவார்கள். முதல் தடவை யாருக்கும் விழாதுதான். ஆனால் நல்ல பைலாவை யாரும் ஒரே தடவையோடு விடுவதில்லை. பத்தாவது தடவை கால் தானாக ஆடும்போது காது சும்மா இருக்கும், அப்போது விழும்.

நம்முடைய தமிழ்ப் பொப்பிசைக்கு இந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. ஏ. ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் இதே துள்ளலைத் தமிழில் கொண்டுவந்தவர்கள். அந்த அலை முதிர்வதற்கு முன்னரே அடங்கிப்போனது. அதனால் அந்தப் பாட்டுகள் இன்னும் இளமையாக இருக்கின்றன என்று பெருமைப்படுகிறோம். வயது போக அவகாசம் கிடைக்காததையும் இளமையென்று சொல்லலாம், ஆட்சேபனை இல்லை.

சுனில் பெரேரா 2021 செப்டெம்பர் 6ஆம் திகதி, 68 வயதில் காலமானார். தம்பி பியல் பாண்டைத் தொடர்ந்து நடத்துகிறார். அடுத்த கலியாணத்தில் ‘ஐ டோன்ட் நோ வை’ போட்டால் வழமைபோல ஆடுங்கள். சிங்களம் விளங்காவிட்டால் பக்கத்தில் ஆடுகிறவரிடம் கேளுங்கள், அவருக்கும் சொல்ல நிறைய இருக்கும்.