பொட்டக் இன்ன

மாதம் பத்தாம் திகதி, பகல் பன்னிரண்டரை மணிக்கு இரத்தினபுரி டவுனில் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தாலும் அவனைப் பார்க்கலாம். அவன் உங்களைப் பார்க்கமாட்டான்.

பத்தாம் திகதி என்றால் தோட்டத்தில் சம்பளம். வங்கி, அடகுக் கடை, சாமான் கடை, பிள்ளைக்குச் செருப்பு என்று சுற்றிவிட்டு, கடைசியில் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு கொத்து ரொட்டி சாப்பிடாமல் பஸ் ஏறினால் அது சம்பள நாளே இல்லை. நான் வாத்தியாராகிப் பல வருடம் ஆகியும் அத்தை வீட்டாரோடு இந்த ஊர்வலத்தில் இன்னும் சேர்ந்துகொள்கிறேன். நாட்சம்பளம் ஆயிரமாக இருந்தபோது ஐந்து பேருக்கு இரண்டு கொத்து. 2024 செப்டெம்பரில் 1350 ஆனதும் அத்தை பெரிய மனசு பண்ணி மூன்றாக்கினாள். அந்த மூன்று கொத்தும் மேசைக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்வதற்கு முன்னால் அவனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

வயது இருபத்திரண்டுக்கு மேல் இராது. கறுப்பு டீசேட், காதில் சொருகிய பேனை. அந்தப் பேனை எழுதி யாரும் பார்த்ததில்லை. தோளில் ஒரு துண்டு. மேசையைத் துடைப்பதும் அதுதான், கிளாசைத் துடைப்பதும் அதுதான், அடுப்படிப் பக்கம் போய் வந்தால் நெற்றியைத் துடைப்பதும் அதுதான். எதை முதலில், எதைப் பிறகு என்று கவனிக்காதவனுக்கே அங்கே தேத்தண்ணி இனிக்கும். ஒரு கையில் ஐந்து கோப்பையை அடுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைவான், ஒரு சொட்டுக் குழம்பு சிந்தாது. அந்தத் திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் நடக்கும்போது அவன் பார்வை நம் தலைக்கு ஓர் அடி உயரத்தில் போகும். அங்கே சுவரில் ஏதோ வெள்ளம் வந்து வடிந்த கோடு இருக்கிறது. களுகங்கை எப்போது ஏறினாலும் முதலில் நனைகிற ஊர் இது. கையைத் தூக்கி ஆட்டுகிற மனுசனைவிட அந்தக் கோடுதான் அவனுக்கு முக்கியம்.

‘தம்பி’ என்று கூப்பிட்டால் காது கேட்காது. அதையே சிங்களத்தில் ‘மல்லி’ என்றால் தலை பாதி திரும்பும். திரும்பிய பாதித் தலையிலிருந்து இரண்டே இரண்டு சொல் வரும்: “பொட்டக் இன்ன.” கொஞ்சம் இருங்க என்று அர்த்தம். பொட்டக் என்றால் சிங்களத்தில் சொற்பம். அந்தக் கடையில் அது வேறொரு அளவு. நான் கைக்கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன்: இறக்குவானை பஸ் வெறுமையாக வந்து நின்று, ஆள் நிரம்பி, மிதிபலகையிலும் இரண்டு பேர் தொங்கிக்கொண்டு புறப்படுகிற நேரம் ஒரு பொட்டக்.

தேயிலை ஒரு பக்கம், றப்பர் ஒரு பக்கம் என்று வளர்ந்தவன் நான். கேகாலைப் பக்கத்துச் சொந்தங்கள் பால் வெட்டுகிறவர்கள். விடியற்காலை ஒவ்வொரு மரமாக வெட்டிக்கொண்டு போவார்கள். வெட்டிய மரத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சிரட்டை நிறைந்த பிறகுதான் வாளியோடு அந்தப் பக்கம் வருவார்கள். இவனும் அப்படித்தான். ஓடர் எடுத்ததும் நம்மை மறந்து அடுத்த மரத்துக்குப் போய்விடுவான். தண்ணி வேண்டும், சம்பல் வேண்டும், கொண்டு வந்தது நாம் கேட்டதே இல்லை என்று எது சொல்லவும் ஆள் கிடைக்காது. பில்லோடு வரும்போது மட்டும் வாளியைப் பிடித்த கையின் கனிவு முகத்தில் இருக்கும்.

யாரையுமே பார்க்காதவன் என்று நினைத்துவிட வேண்டாம். கல்லுக்குப் பேர்போன ஊரில் கல் பார்க்கிற கண் எல்லாருக்கும் கொஞ்சம் வாய்த்திருக்கும். கூடை கூடையாக இல்லம் என்கிற கல்மண்ணை அலசி ஒரு நீலக்கல்லைப் பிடிக்கிறவர்களைப் போல, வாசலில் நுழைகிற நூறு பேரில் யாருக்கு ஓட வேண்டும் என்று இவனுக்கு ஒரே பார்வையில் தெரியும். மாணிக்க முதலாளி வந்தால் ‘மாத்தயா’. அதற்கும் மேலே ஓர் இனம் உண்டு: கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகிற பஸ்ஸின் டிரைவரும் கண்டக்டரும். அவர்களுக்குத் திரை போட்ட உள்ளறை, மீன் தலை, சூடான சோறு, காசு கிடையாது. அவர்கள் கொண்டுவந்து இறக்கிவிட்ட ஐம்பது பேர் வெளியே ஆறின சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார்கள். உந்துவப் பூரணையிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாத மலைக்குப் பலாபத்தலை வழியாக ஏறுகிறவர்கள் வருவார்கள். அவர்களுக்கு நடுத்தர மரியாதை, கூட்டமாக வருவதால். கடைசி இனம் நாங்கள். நல்ல சட்டை போட்டு, பவுடர் போட்டு வந்தாலும் அத்தையின் விரல் நுனியைப் பார்த்தால் போதும் அவனுக்கு. கொழுந்துக் கறை எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது.

அந்தக் கறை படிந்த விரல் பறித்ததுதான் இந்தப் பக்கத்துத் தேயிலை. சப்பிரகமுவத் தேயிலைக்குச் சாயம் கடும் என்று வெளிநாட்டில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். மூன்று கொத்து வாங்கிய அன்று அத்தைக்கு வந்த பிளேன்டியில் கிளாசின் அடியில் கிடந்த சீனி தெளிவாகத் தெரிந்தது.

சோட்டீஸ் தட்டைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். நாம் கேட்பதற்கு முன்னமே அது மேசையில் வந்து உட்கார்ந்துவிடும்: இரண்டு ரோல்ஸ், இரண்டு பெட்டிஸ், ஒரு கட்லட், மூன்று வடை, ஒரு மாலு பான். தின்றதற்கு மட்டும் காசு. நியாயமான ஏற்பாடு போலத்தான் தெரியும். ஆனால் நாம் எடுக்காத மாலு பான் அடுத்த மேசைக்குப் போகும்; அங்கே ஒரு சின்னப் பிள்ளை விரலால் குத்திப் பார்க்கும்; அதற்கு அடுத்த மேசையில் ஒரு பெரியவர் மோந்து பார்த்துவிட்டு வைப்பார். பின்னேரம் ஆகும்போது அந்த ஒரு மாலு பான் டவுனில் பாதிப் பேரோடு பழகி முடிந்திருக்கும்.

கோப்பைக்கு மேலே லன்ச் சீட் விரித்திருப்பார்கள், கழுவுகிற வேலை மிச்சம். கை துடைக்கப் பழைய பேப்பரைச் சதுரமாக வெட்டி வைத்திருப்பார்கள். அன்று எனக்குக் கிடைத்த சதுரம் யாரோ ஒரு பிள்ளையின் கணிதத் தவணைப் பரீட்சைத் தாள். புள்ளிகளையெல்லாம் ஓரத்தில் கூட்டி 34 என்று சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. வாத்தியார் கை சும்மா இருக்குமா? எண்ணெய்க் கையோடு கூட்டிப் பார்த்தேன்: 36 வர வேண்டும். அந்த வேகத்தோடு எங்கள் பில்லையும் கூட்டினேன். பிள்ளைக்குக் குறைந்த இரண்டும் எங்களுக்குக் கூடியிருந்தது, இரண்டு ரோல்ஸ் வடிவத்தில்.

கூப்பிட்டேன். ஒரு பொட்டக் கழித்து வந்தான்.

“மொனவத ஓன?” என்ன வேணுமாம்.

“ரோல்ஸ் நாங்க தொடவே இல்ல தம்பி.”

சிங்களத்தில் ஏதோ சொன்னான். அத்தை அவன் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “ஏண்டா, நீ நம்ம மேல்பிரிவுக் கோயிலுக்குப் பக்கத்து லயத்துப் பையன்தானே? கரகம் தூக்குவியே?”

“ஒவ், ஒவ்,” என்றான். ஆமாம் என்பதற்கும் சிங்களம்தான். காது மட்டும் சிவந்தது. கெஷியர் மேசையில் இருந்த முதலாளி நிமிர்ந்து பார்க்கவும் பேனையைக் காதிலிருந்து எடுத்து, இரண்டு ரோல்ஸை வெட்டிவிட்டுப் போய்விட்டான். அந்தப் பேனை எழுதும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பஸ்ஸில் வரும்போது நான் கொதித்துக்கொண்டு வந்தேன். முறைப்பாடு செய்ய வேண்டும் என்றேன். 2024 ஏப்ரலில் கொழும்பு புதுக்கடையில் ஒரு வெளிநாட்டவரிடம் கொத்துக்கு 1900 ரூபாய் கேட்டவரை, அந்த வீடியோ பரவியதும் பொலிஸ் பிடித்தது நினைவிருக்கிறதா என்றேன். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை என்று ஒன்று இருக்கிறது, 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள், 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் போதும் என்று விளக்கினேன். முன் சீட்டில் இருந்த பெரியவர், எங்கள் தோட்டத்துப் பழைய கங்காணி, மெதுவாகத் திரும்பினார்.

“என்னா நம்பர் சொன்னீங்க வாத்தியாரே?”

“எழுபத்தேழு. ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தேழு.”

“அந்த வருசம் லயத்துக்கு நெருப்பு வச்சப்போ மூணு நாளு மலைக்குள்ள ஒளிஞ்சிருந்தேன். நான் அந்த நம்பருக்கு எடுக்க மாட்டேன்,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு இறங்கும் இடம் வரை நான் ரோல்ஸைப் பற்றிப் பேசவில்லை.

அவன் பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அத்தை என்னைச் சும்மா விடமாட்டாள். இரத்தினபுரி மழையைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். தூறல் விழுந்ததும் பஸ் ஸ்டான்டில் நிற்கிற கூட்டமெல்லாம் கடைக்குள் வந்துவிடும். ஆளுக்கு ஒரு பிளேன்டி, ஒன்றரை மணி நேரம். அதைக் குடித்து முடிக்காமல் இருப்பதில் எங்கள் ஆட்களுக்குத் தனி வித்தை உண்டு. ஆறிய கிளாசை உதட்டில் வைத்து எடுப்பார்கள், மட்டம் குறையாது. எரிவாயு விலை கூடினால் பின்னேரச் செய்திக்குள் கொத்து விலை கூடிவிடும். குறைந்தால் ‘பழைய சிலிண்டர் முடியட்டும்’ என்பார் முதலாளி. அந்தச் சிலிண்டர் முடிந்ததாகச் சரித்திரமில்லை. இரண்டுக்கும் ஏச்சு வாங்குகிறவன் இவன்தான். பகல் நான்கு மணிக்குப் பின்கதவுப் பக்கம் நின்றுகொண்டே சாப்பிடுவதை ஒருநாள் பார்த்தேன். மிஞ்சிய சோறு, பருப்பு. அவனுக்கும் யாரும் தண்ணி கொண்டுவந்து வைக்கவில்லை. அதற்காக இரண்டு ரோல்ஸை என் தலையில் கட்டலாமா என்று கேட்டால் கட்டக்கூடாதுதான்.

சித்திரையில் மேல்பிரிவு மாரியம்மனுக்குத் திருவிழா. அன்னதானப் பந்தியில் அவன் நின்றான். வேட்டியை மடித்துக் கட்டி, திருநீறு வியர்வையில் வழிய, கையில் சோற்று வாளி. இது வேறு ஆள். நான் இலையில் கையை விரித்து மறைத்தும் விடவில்லை. “என்னா மாமா, கோழி கொத்துற மாதிரி கொத்துறீங்க? நல்லாச் சாப்பிடுங்க. ஒரு கை போடுறேன்,” என்று விரல் இடுக்கு வழியாகச் சோற்றைத் தள்ளினான். யார் இலையில் என்ன குறைகிறது என்று பந்தியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அவனுக்குத் தெரிந்தது. அப்பளம் கேட்காதவனுக்கும் அப்பளம் வந்தது. நாக்கு நுனி வரை வந்த டவுன் கதையை நான் விழுங்கிவிட்டேன். முழு நேரமும் தமிழ்தான் பேசினான், அதுவும் எங்கள் மேல்பிரிவுத் தமிழ்.

மூன்றாம் பந்தி நடக்கும்போது ஆள் களைத்துப்போனான். வாளியை இறக்கி வைத்து, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். அந்த நேரம் பார்த்து என் அத்தை பின் வரிசையிலிருந்து குரல் கொடுத்தாள்.

“தம்பி, கொஞ்சம் சாம்பாரு!”

திரும்பாமலே சொன்னான்:

“பொட்டக் இன்ன.”

பந்தி அடங்கிவிட்டது. அவனுடைய அப்பாயி பாயாச அண்டாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். எழும்பி வந்த வேகத்தில் கரண்டியில் இருந்த பாயாசம் வழியெல்லாம் சிந்தியது. முதுகில் ஒன்று வைத்தாள்.

“யாருக்குடா பொட்டக்கு? ஆத்தா சன்னதியில யாருக்குடா பொட்டக்கு?”

சாம்பார் வாளி பறந்தது. அத்தையின் இலையில் கரண்டி கரண்டியாக விழுந்தது. சோறு மிதந்து, மண்ணில் வழிந்தது. அத்தை அதை நிதானமாகப் பிசைந்து முடித்து, கடைசிப் பருக்கையையும் வழித்துவிட்டு, இலையை மடிக்காமல் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“பில்லு கொண்டா மல்லி,” என்றாள்.