உங்கள் ஊரில் எப்படி?

அத்தானுக்கு முற்றுப்புள்ளி ஆகாது. “மதுரையில் நல்ல மழை” என்று ஃபேஸ்புக்கில் எழுதி நிறுத்தினால் படிக்கிறவன் படித்துவிட்டுப் போய்விடுவானாம். “உங்கள் ஊரில் எப்படி?” என்று வால் ஒட்டினால் தேனியிலிருந்து தோஹா வரைக்கும் வானிலை அறிக்கை வந்து குவியும்.

லைக் கேட்டும் டேக் கேட்டும் கெஞ்சுகிற பதிவுகளைக் கீழே தள்ளுவோம் என்று 2017 டிசம்பரில் ஃபேஸ்புக் சொன்னது. அடுத்த மாதமே, பேச்சு வளர்கிற பதிவுக்குத்தான் முன்னுரிமை என்றது. அன்றோடு அத்தான் கெஞ்சுவதை விட்டார், கேட்க ஆரம்பித்தார். வெண்பொங்கலுக்கு மிளகை முழுசாகப் போடணுமா, தட்டிப் போடணுமா? பஸ்ஸில் ஜன்னலை மூடும் உரிமை முன்சீட்டுக்கா, பின்சீட்டுக்கா? தெரியாமல் கேட்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். மிளகு விஷயத்தில் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

கேள்விக்குக் கூட்டம் குறைந்தால் தப்பாக எழுதுவார். “தாமிரபரணி பிறப்பது கேரளாவில்” என்று ஒரு ராத்திரி போட்டுவிட்டுப் படுத்துவிட்டார். திருநெல்வேலிக்காரர்கள் யாரும் படுக்கவில்லை. விடிவதற்குள் பொதிகை மலையையே பெயர்த்துக்கொண்டு வந்து அவர் வாசலில் இறக்கிவிட்டார்கள். அத்தனை பேருக்கும் ஒரே பதில்: “நன்றி உறவே, திருத்திக்கொள்கிறேன்.” இன்றுவரை திருத்தவில்லை. திருத்திவிட்டால் அடுத்தவன் எதற்கு வருவான்?

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே தாங்கலாம். எங்கள் அப்பத்தா போன அன்று, வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருக்கும்போதே பதிவு வந்துவிட்டது. “என் அம்மாச்சி இன்று இறைவனடி சேர்ந்தார். உங்கள் பாட்டி கைப்பக்குவத்தில் உங்களுக்குப் பிடித்தது எது?” பணியாரம், கருவாட்டுக் குழம்பு, உளுந்தங்களி என்று ஊரே சாப்பிட்டது. ஒவ்வொருவருக்கும் இதயம் போட்டார். பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு எத்தனை இலை என்று சமையல்காரர் மூன்று தடவை கேட்டார். அதற்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை.

ஒன்று சொல்லவேண்டும். மஸ்கட்டில் லாரி ஓட்டும் ஒருவர் தினமும் “காலை வணக்கம் அண்ணே” என்று எழுதுவார். நாலு நாள் ஆளைக் காணோம் என்றதும் அத்தான் பதறி, தேடிப்பிடித்து, போனிலேயே கூப்பிட்டுவிட்டார். காய்ச்சலில் கிடந்திருக்கிறார் மனுஷன். அரைமணி நேரம் பேசினார்கள். கஷாயம் வைக்கும் முறை எல்லாம் சொன்னார். அதைப் பதிவாகப் போடவில்லை.

ஆனால் நட்புப் பட்டியலில் 5000 பேருக்கு மேல் ஃபேஸ்புக் இடம் தருவதில்லை. புதுசாக ஆள் சேர்க்கப் பழசைக் கழிக்கவேண்டும். “களையெடுப்பு நடக்கிறது, வாசிப்பவர்கள் ஒரு புள்ளி வைத்துச் செல்லுங்கள்” என்று போன வாரம் அறிவித்தார். நான் புள்ளி வைக்கவில்லை, நீக்கிவிட்டார். கீழ்வீட்டில் இருந்துகொண்டு தினமும் விடியற்காலையில் அவர் தொட்டிக்கும் சேர்த்து மோட்டார் போடுகிறவன் நான்.