மெக்ரி தாத்தா நடத்தும் பார்சிப் பாடம்

வா பேராண்டி, வா. யெரெவான்லேருந்து மலை ஏறி மலை இறங்கி ஈரான் எல்லையில இருக்கிற நம்ம மெக்ரிக்கு வந்து சேந்துட்டே. கையில என்ன, செங்கல்லா? ஓ, பார்சி இலக்கணப் புத்தகமா! நல்லது. மாதுளைக் கூடை சாயுது, அதுக்கு அண்டக் கொடு. பார்சி பேசிப் பழகத்தான் வந்தேன்னா, கொஞ்ச நாளைக்கு அது அங்கேயே இருக்கட்டும்.

கோவிச்சுக்காதே. புத்தகத்தைப் பழிக்கலை. அதை முழுசாப் படிச்சு முடிச்சா, வானொலியில செய்தி வாசிக்கிறவரோட நல்லாப் பேசலாம். என்ன, அவரு உன்னோட பேசணுமே! ரொட்டிக்குப் புத்தகம் 'நான்'னு சொல்லும். ரொட்டிக்கடை வரிசையில நிக்கிறவன் 'நூன்'ம்பான். வீடு புத்தகத்துல 'கானே', தெருவுல 'கூனே'. தெஹ்ரானையே அந்த ஊர்க்காரன் 'தெஹ்ரூன்'னுதான் சொல்றான். போறேங்கிறதுக்குப் புத்தகம் 'மிரவம்'னு நீட்டி முழக்கும். அவன் 'மிரம்'னு நறுக்கிட்டுப் போயிட்டே இருப்பான். வினைச்சொல் கடைசியிலதான் வரணும்னு வாத்தியார் சத்தியம் பண்ணுவாரு. அவரே சாயங்காலம் பொண்டாட்டிகிட்ட 'ரஃப்தம் கூனே', அதாவது 'போனேன் வீடு'ம்பாரு.

ஆனா பாரு, இதெல்லாம் உனக்குப் பெரிய தடை இல்லை. உன் தடை உன் கௌரவம். நாள் முழுக்கப் பார்சியோட பங்காளிச் சொல்லாவே பேசிட்டு, 'எனக்குப் பார்சி வராது தாத்தா'ங்கிறியே! ஆயிரத்துக்கு நம்ம அர்மீனியத்துல என்ன சொல்றே? ஹஸார். ஈரான்காரங்க ஹெஸார். அடையாளத்துக்கு நீ ந்ஷான், அவங்க நெஷான். சுதந்திரமானவனுக்கு நீ அஸாத், அவங்க ஆஸாத். நம்மளைப் பழைய ஈரானியரான பார்த்தியர்கள் ஆண்ட காலத்துலேருந்து மூட்டை மூட்டையா வந்து இறங்கின சரக்கு. எவ்வளவு சரக்குன்னா, ஊர் உலகத்துப் பண்டிதருங்களே நம்ம மொழியை ஈரான் மொழிகள்ல ஒண்ணுன்னுதான் எழுதி வச்சிருந்தாங்க. 1875-ல ஹூப்ஷ்மன்னு ஒரு ஜெர்மன்காரர் உக்காந்து, எது நம்ம சொத்து, எது கைமாத்தா வாங்கினதுன்னு கணக்குப் பிரிச்சு, 'இது தனிக் கிளை'ன்னு தீர்ப்புச் சொன்னாரு. தனிக் கிளைன்னு தெரிஞ்சதுலேருந்து உங்களுக்குத் தலைக்கனம் தாங்கலை.

ஒரு ரகசியம் சொல்றேன், வாத்தியார்கிட்டச் சொல்லாதே. நம்ம பழஞ்சொல்லுல 'வ' இருந்த எடத்துல அவங்க வாயில பல தடவை 'க' வந்து உக்காந்திருக்கும். காட்டுப்பன்னி நமக்கு வராஸ், அவங்களுக்கு கொராஸ். ரோஜா நமக்கு வார்த். அதே வேர்தான் அங்க கோல் ஆகிப் பூவுக்கெல்லாம் பேராயிடுச்சு. நம்ம 'வ்னாஸ்'னா நஷ்டம். அதோட அண்ணன் தம்பி அங்க 'கொனாஹ்', அதுக்கு அர்த்தம் பாவம். அவங்க பாவம்னு பயப்படுறதை நம்ம வியாபாரிங்க நஷ்டக் கணக்குல எழுதிக்கிட்டாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

சொந்தக்காரன்னு நம்பி அசந்துடாதே. கவுத்து விடுறதும் சொந்தக்காரன்தான். 'ந'ன்னா நமக்கு அவரு, அவள். அங்க 'ந'ன்னா மாட்டேன். நீ ஆசைப்பட்டுக் கேட்டு, பொண்ணு 'ந'ன்னு சொன்னா, 'அவரேதான்'னு சொல்றாளோன்னு மேளகாரனுக்கு முன்பணம் குடுத்துடாதே. 'சர்'னா நமக்கு மலை, அவங்களுக்குத் தலை. தலைவலின்னு ஒருத்தன் 'சரம் தர்த் மிகோனே'ன்னு முனகினா, நீ திரும்பி மலையைப் பாக்காதே, மாத்திரையை எடு. இன்னொண்ணு, அவங்க வினைச்சொல்லு பலதும் 'மி'ன்னுதான் ஆரம்பிக்கும். நமக்கு 'மி'ன்னா 'வேண்டாம், செய்யாதே'. முதல் வாரம் ஈரானே ஒண்ணா நின்னு உன்னைத் தடுக்கிற மாதிரி இருக்கும். அதை நீ காதுல போட்டுக்காதே.

காதைப் பத்திச் சொன்னதும் ஞாபகம் வருது. 'க்ஹ', 'க்ஹ்'னு தொண்டையைக் கீறுற சத்தத்துக்கெல்லாம் வெள்ளைக்காரன் ஆறு மாசம் கொப்புளிப்பான். உனக்கு அது தாய்ப்பால். ஆணா பொண்ணான்னு பாத்துப் பிரதிப்பெயரை மாத்துற தொல்லை நமக்கும் இல்லை, அவங்களுக்கும் இல்லை. நம்ம வேற்றுமை உருபு மூட்டையை எல்லைப் பாலத்துலயே இறக்கி வச்சுட்டுப் போகலாம், அங்க அதுக்கு வேலை இல்லை. ஆனா 'அ' விஷயத்துல மாட்டுவே. நமக்கு ஒரே ஒரு 'அ'. அவங்களுக்கு ரெண்டு. ஒண்ணு வாயை அகட்டிச் சொல்றது, இன்னொண்ணு உதட்டைக் குவிச்சு 'ஆ'வுக்கும் 'ஓ'வுக்கும் நடுவுல உருட்டுறது. உருட்டிச் சொன்னா 'கார்', வேலை. அகட்டிச் சொன்னா 'கர்', செவிடன். வேலை தேடிப் போய், 'ஐயா, ஒரு செவிடனைத் தேடுறேன்'னு கடை கடையாக் கேட்டுட்டு நிக்காதே.

அராஸ் ஆத்தைத் தாண்டினதும் வாயைத் திறந்துடவும் வேண்டாம். அராஸுக்கு அந்தப் பக்கம் ஈரான்தான், ஆனா அங்க வீட்டுல பேசுறது அஜெரித் துருக்கி. நீ ராத்திரியெல்லாம் மனப்பாடம் பண்ணின பார்சியை எடுத்து விட்டா, அவன் பக்கத்து வீட்டுக்காரன்கிட்டத் துருக்கியில உன்னைப் பத்திக் கேலி பேசுவான். அதுவும் புரியாது உனக்கு. தெஹ்ரான் போ, இஸ்பஹான் போ. இஸ்பஹான்ல நம்ம நோர் ஜுகா இருக்கு. 1604, 1605-ல ஷா அப்பாஸ் நம்ம ஜுகா ஊர்ச் சனங்களை வேரோட பிடுங்கிட்டுப் போய் நட்ட ஊரு. போன எடத்துல 'இலக்கணம் முடியட்டும், அப்புறம் பேசுறோம்'னா உக்காந்தாங்க? பட்டு வித்தாங்க, பார்சியில பேரம் பேசினாங்க. 1638-ல அச்சுக்கூடம் வச்சு, நம்ம எழுத்துல புத்தகமும் போட்டாங்க. அந்த வழியில வந்த ஆளுங்க கடல் தாண்டி மதராஸ் வரைக்கும் போனாங்க. 1726-ல பெட்ரூஸ் உஸ்கான் அங்க சைதாப்பேட்டையில பாலமே கட்டினாரு. நம்ம அர்மீனியன் தெரு அந்த ஊர்க்காரங்க வாயில 'அரண்மனைக்காரன் தெரு' ஆயிடுச்சாம். யாரும் உச்சரிப்பைத் திருத்தலை, வியாபாரம் நடந்துச்சு. ஹமதான்ல பொறந்த நம்ம விகேன் பார்சியில பாடியே ஈரானைக் கிறங்கடிச்சாரு. ஈரானோட முதல் முழுநீளப் படத்தை 1930-ல எடுத்ததும் நம்மாளு ஓஹானியன்தான். அது ஊமைப் படம். அந்த வழி உனக்கு வேண்டாம், உனக்குப் பேசணுமே!

இனிமேதான் பாடமே. தெஹ்ரான்ல டாக்சியிலேருந்து இறங்குறே. எவ்வளவுன்னு கேக்குறே. டிரைவர் நெஞ்சுல கை வச்சு, 'காபேல் நதாரே'ம்பான். 'உங்களுக்கு முன்னால இதெல்லாம் ஒரு பொருட்டா'ன்னு அர்த்தம். யெரெவான்காரன் நீ என்ன பண்ணுவே? 'அடடா, தங்கமான மனுசன்'னு 'மெர்சி' சொல்லிட்டு நடையைக் கட்டுவே. மெர்சி சரிதான். நன்றிக்கு நம்ம சொல்லு நாலு முழம் நீளம்னு நாமளும் பிரெஞ்சுக்காரன்கிட்டக் கடன் வாங்கினோம், அவங்களும் வாங்கினாங்க. ஆனா நடந்தது தப்பு. நீ 'காஹேஷ் மிகோனம்'னு கெஞ்சணும். அவன் மறுபடி வேண்டாம்பான். நீ மறுபடி நீட்டணும். மூணாவது தடவை, உனக்காகத்தான் வாங்குற மாதிரி வாங்கி, சல்லிக்காசு விடாம எண்ணிப் பாத்து, குறைஞ்சா கேப்பான். இதுக்குப் பேரு தாரோஃப். எந்தப் புத்தகத்துலயும் எத்தனாவது தடவை நிஜம்னு போட்டிருக்காது. முகத்தைப் பாத்துத்தான் படிக்கணும்.

பொய்யான்னு கேக்காதே. நாம 'ட்ஸவத் தனெம்', உன் வலியை நான் வாங்கிக்கிறேன்னு தினம் சொல்றோமே, உன் பல்வலியை நான் என்னிக்காவது வாங்கியிருக்கேனா? ஈரான்காரன் பாசம் மீறிப்போய் 'உன் ஈரலைத் தின்னணும்'ம்பான். பயந்து ஓடாதே, கன்னத்தைக் காட்டு.

சரி, கிளம்பு. ராத்திரி ஈரான் லாரிக்காரங்க டீ குடிக்கிற எடத்துக்குப் போ. தப்பாப் பேசு, சிரிப்பாங்க. சிரிச்சவன்தான் திருத்துவான். சிரிக்காம மரியாதையாத் தலையாட்டுறவன்கிட்ட எதையும் கத்துக்க முடியாது.

என்ன, இவ்வளவு புத்தி சொன்னதுக்கு என்ன தரணும்னா கேக்குறே? சேச்சே, பேராண்டி! காபேல் நதாரே, காபேல் நதாரே...

ஏலே, எதுக்குடா பர்ஸை உள்ளே வைக்கிறே?