குலுக்கைக்குள் இறங்கிய கதை

கோவில்பட்டிப் பக்கம் நாங்கள் படித்த காலத்தில் கதைக்கு முன்னால் அருஞ்சொற்பொருள் வந்துவிடும். கரும்பலகையில் இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள். எழுதி, மனப்பாடம் செய்து, ஒப்பித்த பிறகுதான் சார் கதையை வாசிப்பார்.  

புத்தகத்தில் மடை, மதகு, நாற்றங்கால் என்று ஆற்றுப் பாசனத்துச் சொற்கள். மானம் பார்த்த பூமியில் கம்பும் சோளமும் பருத்தியும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அவை பரீட்சைக்கு மட்டும்தான். குலுக்கை, படப்பு, தொழு, பருத்திமார் எல்லாம் ராத்திரி பாட்டி சொல்லும் கதையில் வந்தன. பாட்டி எதற்கும் பொருள் சொன்னதில்லை. திருடன் குலுக்கைக்குள் ஒளிந்தான் என்றால் 'ம்' கொட்டுவோம். வீட்டு மூலையிலேயே தானியம் போட்டுவைக்கும் ஆளுயரக் குலுக்கை நின்றது.

அந்தக் கதையைத்தான் எழுதிவைத்து, இப்போது சாயங்காலங்களில் தெருப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். இவர்கள் வீட்டில் குலுக்கை இல்லை. ரேஷன் அரிசி பிளாஸ்டிக் டிரம்மில் கிடக்கிறது. கம்பு நின்ற காட்டில் மக்காச்சோளம் நிற்கிறது. அன்று சொல்லித்தரத் தேவைப்படாத சொல்லை இன்று சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

முதல் தடவை எங்கும் நிறுத்தாமல் வாசிப்பேன். திருடன் பிடிபட்டானா என்று தெரிந்த பிறகுதான் பிள்ளைகளுக்குச் சொல்லில் கவனம் போகும். இந்தக் கதையை இரண்டாம் தடவை வாசித்தபோது குலுக்கை வந்ததும் நிறுத்தினேன்.

"குலுக்குறதா தாத்தா?" என்றாள் மூன்றாம் வகுப்புப் படிக்கிறவள்.

மண்ணைக் குழைத்து வளையம் வளையமாக ஏற்றுவதைச் சொன்னேன். அடியில் ஒரு துளை, அதில் துணிச் சுருணை. சுருணையை உருவினால் தானியம் கொட்டும். அடிமட்டத்துக்கு வந்துவிட்டால் சின்னப் பிள்ளையை மேல்வாய் வழியாக உள்ளே இறக்கி அள்ளச் சொல்வார்கள்.

"உள்ள இருட்டா இருக்குமா? மூச்சு முட்டாதா?"

சில நாள் கழித்து, அவள் அரிசி டிரம்முக்குள் தலையைவிட்டு, "குலுக்கைக்குள்ள இறங்குறேன்" என்றாளாம். அவள் அம்மா வந்து சொன்னாள். அந்தச் சொல் இனி அவளுடையது. ஒரு கதைக்கு இப்படி மூன்று நான்கு சொல் போதும். வரிக்கு வரி நிறுத்தினால் கதை செத்துப்போகும்.

கோவில்பட்டிக்குத் தெற்கே இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 1982-இல் இப்படிப்பட்ட எங்கள் கரிசல் வழக்குச் சொற்களுக்கென்றே அகராதி கொண்டுவந்தார். பள்ளிப் படிப்பை முடிக்காத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அமர்த்தியது.  அந்த அகராதி கரிசல் காட்டுத் தொடக்கப்பள்ளி ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். அலமாரியில் பூட்டிவைக்காமல் டீச்சர் மேஜைமேலேயே இருக்க வேண்டும்.

அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் 'நுழை, நட, ஓடு, பற' என்று படிப்படியாக எளிய நடையில் வருகின்றன. நல்ல காரியம். ஆனால் அவை பிள்ளைகள் தாமே வாசிப்பதற்கு. எழுத்துக்கூட்டி வாசிக்க முடிகிற சொல்லைவிட, காதால் கேட்டுப் பிடித்துக்கொள்கிற சொல் சின்னப் பிள்ளைக்கு எப்போதும் கூடுதல். ஆகவே வாசித்துக் காட்டும் கதையில் கொஞ்சம் கனத்த சொல் இருக்கலாம், இருக்கவும் வேண்டும்.

அடுத்த கதையில், மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கமலை வருகிறது. எங்கள் தெருவில் கமலை இறைத்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அன்றைக்கு அவரையும் வரச்சொல்லியிருக்கிறேன். வடம் என்றால் என்ன, சால் என்றால் என்ன என்று பிள்ளைகள் அவரிடமே கேட்டுக்கொள்ளட்டும்.